வெள்ளிக்கிழமை மறியலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வார இறுதிச் சிறைத்தண்டனை அனுபவிக்கும் தமிழ் உறவுகளுக்கு,

உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும், பெயர் தெரிந்திருக்காது. தண்டனை சொல்லப்படும் நாளில் உங்கள் தோளுக்குப் பக்கத்தில் நின்று, நீதிபதியின் ஆங்கிலத்தைத் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பவர்களில் நானும் ஒருவர். அந்த இடத்தில் எனக்கென்று ஒரு வார்த்தை கிடையாது. நீதிபதியும் அரச வழக்கறிஞரும் உங்கள் சட்டத்தரணியும் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். ‘அண்ணா, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கோ’ என்றுகூடச் சேர்க்க எனக்கு அனுமதியில்லை. அது சரியான விதி, அதை நான் மீறுவதில்லை. ஆனால் அங்கே சொல்ல முடியாமல் போனவை மனத்தில் சேர்ந்துகொண்டே போகின்றன. இந்த மடலில் எவருடைய தனி வழக்கும் இல்லை, எவருடைய இரகசியமும் இல்லை. உங்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்றை நேரே சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காக எழுதுகிறேன்.

வெள்ளி பின்னேரம் உள்ளே போய்த் திங்கள் விடிய வெளியே வந்தால் சரி, மிச்ச நாட்கள் என்னுடையவை என்று உங்களில் கனபேர் நம்பியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கைதான் உங்களைத் திரும்பவும் குற்றவாளிக் கூண்டுக்குக் கொண்டுவருகிறது. நான் காண்கிறபடி, சிறைக்கு உள்ளே பிழை விட்டு மாட்டுகிறவர்கள் குறைவு. செவ்வாயும் புதனும் வியாழனும் சாதாரணமாக நடமாடும்போது செய்த ஏதோ ஒன்றுக்காகத்தான் பலர் கைவிலங்கோடு வருகிறார்கள். ‘நான் ஒரு வெள்ளியும் தவறவிடவில்லையே’ என்று என்னிடம் தமிழில் சொல்கிறார்கள். அதை நான் ஆங்கிலத்தில் சொல்கிறேன். நீதிபதி தலையசைக்கிறார், பிறகு கட்டளையின் வேறொரு வரியை வாசிக்கிறார்.

உங்கள் தண்டனை வாரத்தின் ஏழு நாளும் ஓடும் தண்டனை. சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. கனடாவின் குற்றவியல் சட்டக்கோவையில் 732ஆம் பிரிவு, 90 நாளோ அதற்குக் குறைவோ சிறைத்தண்டனை பெற்ற ஒருவர் அதை விட்டுவிட்டு அனுபவிக்க நீதிபதி அனுமதிக்கலாம் என்கிறது. உங்கள் வயது, நடத்தை, செய்த குற்றத்தின் தன்மை, அது நடந்த சூழ்நிலை, சிறையில் இடவசதி எல்லாவற்றையும் பார்த்துத்தான் அந்த அனுமதி. அதே பிரிவு அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்கிறது: சிறைக்கு வெளியே இருக்கும் நாட்களில் நன்னடத்தைக் கட்டளையின் நிபந்தனைகளுக்குக் கீழ்ப்படிந்து நடக்க வேண்டும். நாங்கள் ‘புரொபேஷன்’ என்று சொல்வது அதைத்தான். வார இறுதி ஒரு பாதி, வார நாட்கள் மறுபாதி. முதல் பாதிக்குச் சிறைச்சுவர் இருக்கிறது. மறுபாதியைக் காக்கக் காவலாளி இல்லை. நீங்கள்தான் காக்க வேண்டும்.

விட்டுவிட்டுத் தண்டனை அனுபவிக்கும் இந்த முறை கனடாவுக்கு 1972இல் வந்தது. சிறிய குற்றத்துக்காகச் சிறை போகிற ஒருவர் வேலையை இழக்கக்கூடாது, வாடகை கட்ட முடியாமல் பிள்ளைகள் தெருவுக்கு வரக்கூடாது என்பதே நோக்கம். குடித்துவிட்டு வாகனம் ஓடி இரண்டாவது முறை குற்றவாளியானவருக்குச் சட்டம் வைத்திருக்கும் ஆகக்குறைந்த தண்டனை 30 நாள் சிறை. நீதிபதி விரும்பினாலும் அதில் ஒரு நாளைக் குறைக்க முடியாது. அவரால் செய்யக்கூடியது அந்த 30 நாளை வார இறுதிகளாகப் பிரித்துக் கொடுப்பதுதான். உங்கள் சட்டத்தரணி எழுந்து நின்று, இவர் இந்தத் தொழிற்சாலையில் இத்தனை வருடமாக வேலை செய்கிறார், மனைவிக்கு வேலையில்லை, ஊரில் தாயையும் பார்க்கிறார் என்று சொன்னதெல்லாம் இதற்காகத்தான். அதைக் கேட்டுத்தான் நீதிபதி உங்களை நம்பினார்.

தண்டனை சொல்லி முடிந்தபின் நடப்பதை நான் பலதடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அலுவலகத்தின் முன்னால் காத்திருக்கச் சொல்வார்கள். நீங்கள் சுவரோடு சாய்ந்து நின்று வேலைத்தலத்துக்குப் போன் எடுப்பீர்கள், ‘ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடுவேன்’ என்று சொல்வீர்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பெயரைக் கூப்பிடுவார்கள். பல பக்கத் தாள். சில பெட்டிகளில் கோடு போட்டிருக்கும், சில வரிகள் கையால் எழுதியிருக்கும். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லும்போது உங்கள் கண் சுவர் மணிக்கூட்டில் இருக்கும். ‘விளங்கினதா?’ என்று எழுதுவினைஞர் கேட்பார். ‘ஓம், ஓம்’ என்பீர்கள். கையெழுத்துப் போட்டு, தாளை நாலாக மடித்து ஜக்கெற்றின் உள்பொக்கற்றில் வைப்பீர்கள். அந்தத் தாள் அதற்குப் பிறகு வெளியே வருவது பொலிஸ் கேட்கும்போதுதான்.

அந்த ‘ஓம், ஓம்’ எவ்வளவு பாரமானது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நிபந்தனைகளையும், மீறினால் என்ன நடக்கும் என்பதையும், மாற்றம் கேட்கும் வழியையும் உங்களுக்கு விளங்கப்படுத்துவது நீதிமன்றத்தின் கடமை. உங்களுக்கு விளங்கியதா என்று உறுதிசெய்ய நியாயமான முயற்சி எடுக்க வேண்டியதும் நீதிமன்றம்தான். ஆனால் அதே சட்டத்தின் அடுத்த வரி, அப்படி விளங்கப்படுத்தத் தவறினாலும் கட்டளை செல்லுபடியாகும் என்கிறது. ஆகவே, எனக்கு ஒருவரும் வடிவாகச் சொல்லவில்லை என்று பிறகு சொல்வதால் கட்டளை இல்லாமல் போகாது. மொழிபெயர்ப்பாளர் கேட்பது உங்கள் அரசியலமைப்பு உரிமை. உரிமைகள் பட்டயத்தின் 14ஆம் பிரிவு அதைத் தருகிறது. ‘விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கோ’ என்று கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை. நீங்கள் கேட்டால் நான் எத்தனை தரமும் சொல்வேன். நீங்கள் கேட்காவிட்டால் நானாகச் சொல்ல முடியாது.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது? சில நிபந்தனைகள் எல்லோருக்கும் கட்டாயம். அமைதி காத்து நன்னடத்தையோடு இருக்க வேண்டும். நீதிமன்றம் அழைத்தால் வர வேண்டும். பெயரோ முகவரியோ மாறுவதானால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வேலை மாறினால் தாமதியாமல் அறிவிக்க வேண்டும். இவை சின்ன விடயங்கள்போலத் தெரியும். ஆனால் எங்கள் வாழ்க்கை எப்படி என்று யோசித்துப் பாருங்கள். மோர்னிங்சைட்டில் ஒரு பேஸ்மென்ற், ஆறு மாதத்தில் மார்க்கம் ரோட்டில் இன்னொரு பேஸ்மென்ற். ஏஜென்சிக்காரர் இந்தக் கிழமை ஒரு தொழிற்சாலைக்கு அனுப்புவார், அடுத்த கிழமை வேறொன்றுக்கு. நண்பரின் வானில் சாமான்களை ஏற்றி ஒரே இரவில் வீடு மாறிவிட்டு, நன்னடத்தை அலுவலருக்குச் சொல்ல மறந்துவிடுகிறீர்கள். பழைய முகவரிக்குப் போன பொலிஸ்காரர், இவர் இங்கே இல்லை என்று எழுதிக்கொண்டு போகிறார். அது மீறல்.

மற்ற நிபந்தனைகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். அலுவலரிடம் குறித்த நாட்களில் போக வேண்டியிருக்கலாம். மதுவைத் தொடக்கூடாது என்றிருக்கலாம். முழுதாகத் தடை இல்லாவிட்டாலும், சிறை வாசலுக்கு வரும்போது உடம்பில் மதுவோ போதைப்பொருளோ இருக்கக்கூடாது என்று வழக்கமாக எழுதுவார்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிய, கூட வேலை செய்கிறவர்கள் ‘ஒன்று எடு, அங்கே போய்ப் படுக்கத்தானே போகிறாய்’ என்பார்கள். அந்த ஒன்று புதிய வழக்கு. வாகனம் ஓடத் தடை இருக்கும்போது, நேரம் பிந்துகிறதே என்று தம்பியின் காரை எடுத்துக்கொண்டு சிறைக்கே ஓடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். தண்டனைக்கு நேரத்தோடு போவதற்காக இன்னொரு குற்றம் செய்கிறார்கள். அந்தக் குற்றத்துக்கே சிறை உண்டு.

குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மனைவியோடு எந்தத் தொடர்பும் கூடாது, வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்று கட்டளையில் இருந்தால், அதை மாற்றும் அதிகாரம் உங்கள் மனைவிக்குக் கிடையாது. ‘அவதான் கூப்பிட்டவ’, ‘பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டவ’, ‘மாமாதான் சமாதானம் பேசி வரச் சொன்னவர்’ என்ற விளக்கங்களை நான் ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி என் நாக்குத் தேய்ந்துவிட்டது. அழைத்தது உண்மையாகவே இருக்கட்டும். கட்டளை நீதிபதியுடையது. சில கட்டளைகளில், மனைவி நன்னடத்தை அலுவலரிடம் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் சந்திக்கலாம் என்றும், அந்தச் சம்மதத்தை அவர் எந்த நேரமும் திரும்பப் பெறலாம் என்றும் ஒரு வரி இருக்கும். உங்கள் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வழியால் போங்கள். இல்லாவிட்டால் சட்டத்தரணி மூலம் மாற்றம் கேளுங்கள். கோயில் பெரியவரோ சித்தப்பாவோ பேசித் தீர்க்கிற விடயம் இல்லை இது. மனைவிக்குப் பயம் இருந்ததால்தான் அந்தத் தொடர்புத் தடை எழுதப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம். ரொறன்ரோவில் ஆண்களுக்கான வார இறுதிச் சிறை எற்றோபிக்கோவில், ஹோர்ணர் அவெனியூவில், ரொறன்ரோ தெற்குத் தடுப்பு நிலையத்தோடு ஒட்டி அமைக்கப்பட்டது. முன்பு மிமிக்கோ சிறை இருந்த அதே காணி. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் ஸ்காபரோவில். கெனடியில் ரெயின் ஏறினால் கடைசி நிலையமான கிப்ளிங் வரை போய், அங்கிருந்து பஸ். பெண்களுக்கு இன்னும் கடினம். அவர்கள் மில்ரனில் இருக்கும் வானியர் பெண்கள் சிறைக்குப் போக வேண்டும், அந்தப் பக்கம் சுரங்க ரெயினே இல்லை. இரண்டு நாளுக்கும் பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கவலை வேறு. பனிக் காலத்தில் ரெயின் நின்றுவிட்டது என்பது உண்மையான காரணமாக இருக்கலாம். ஆனால் அதைக் காட்ட உங்களிடம் சான்று இருக்க வேண்டும். ஆகவே ஒரு மணித்தியாலம் முந்தியே போய் நில்லுங்கள். முதலாளியிடம் வெள்ளிக்கிழமை ஓவர்டைம் முடியாது என்று முதல் நாளே சொல்லுங்கள்.

கையில் ஒன்றும் கொண்டுபோக வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வாராவாரம் வெளியே வந்து உள்ளே போகிறவர்கள் என்பதால், உள்ளே இருக்கிறவர்களும் வெளியே இருக்கிற அவர்களின் கூட்டாளிகளும் உங்களைக் குறிவைப்பார்கள். சின்னப் பொட்டலம், ஒருதரம் மட்டும் என்று தொடங்கும், மறுத்தால் மிரட்டல் வரும். அப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்த அன்றைக்கே சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள். பயத்தில் வாயை மூடிக்கொண்டு பொட்டலத்தோடு பிடிபட்டால், குடித்துவிட்டு ஓடிய வழக்கு போதைப்பொருள் வழக்காகிவிடும்.

ஒரு கிழமை போகாமல் விட்டால் கடைசியில் ஒரு கிழமை சேர்த்து இருந்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. தக்க காரணமின்றிப் போகாமல் விட்டால், சிறையில் இருக்க வேண்டிய நேரத்தில் சட்டவிரோதமாக வெளியே இருந்த குற்றம் உங்கள்மேல் வரலாம். அதற்கு இரண்டு வருடம் வரை சிறை உண்டு. நன்னடத்தைக் கட்டளையை மீறிய குற்றத்துக்கு நான்கு வருடம் வரை தண்டிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அத்தனை வருடம் கொடுப்பது அரிதாக இருக்கலாம். நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது 732ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவுக்குத்தான். வார இறுதித் தண்டனை ஓடிக்கொண்டிருக்கும்போது வேறொரு குற்றத்துக்காக ஒரு சிறைத்தண்டனை கிடைத்தால், மிச்சமிருக்கும் நாட்கள் எல்லாவற்றையும் தொடர்ச்சியாக உள்ளேயே கழிக்க வேண்டும். நீதிபதி வேறுவிதமாகச் சொன்னால்தான் விதிவிலக்கு. புதிய தண்டனை எவ்வளவு சிறியது என்பது கணக்கில்லை. வார இறுதி போய்விடும், அதோடு வேலையும் போய்விடும்.

போக முடியாத காரணம் உண்மையாகவே வரலாம். கடும் வருத்தம் வரும், நெருங்கிய உறவில் செத்தவீடு வரும். அப்போது முதலில் சிறைக்குப் போன் எடுங்கள், வைத்தியரிடம் கடிதம் எடுங்கள், யாரோடு என்ன நேரம் கதைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். மனிதாபிமானக் காரணங்களுக்காகத் தற்காலிகமாக வெளியே இருக்க அனுமதி கேட்கவும் வழியுண்டு. எல்லாம் வெள்ளிக்கிழமைக்கு முன் நடக்க வேண்டும். திங்கட்கிழமை சொல்லும் காரணத்துக்குப் பெறுமதி குறைவு.

வேலை ஏற்கெனவே போய்விட்டது, வாராவாரம் போய்வந்து மனம் உடைகிறது என்றால், மிச்ச நாட்களைத் தொடர்ச்சியாக இருந்து முடிக்க நீங்களே நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்கலாம். அரச வழக்கறிஞருக்கு அறிவித்தல் கொடுத்துவிட்டு விண்ணப்பிக்கும் உரிமை அதே பிரிவில் இருக்கிறது. இதை உங்களுக்குச் சொன்னவர்கள் எத்தனை பேர்? தெரியாமல்தானே இரண்டு வெள்ளி விட்டுப் பார்க்கிறீர்கள், பிறகு ஒளிந்து திரிகிறீர்கள்?

ஊருக்குப் போகிற யோசனையையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள். தங்கச்சியின் கலியாணம், அப்பாவின் ஆண்டுத் திவசம் என்று ஒரு மாதம் போய்வந்தால் நாலு வெள்ளி போய்விடும். பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்கும்போது உங்கள் பெயரில் பிடியாணை இருக்கும். அங்கே போய்க் கும்பிட வேண்டிய சாமி அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும்.

இனிச் சொல்லப்போவதைப் பிரஜாவுரிமை இன்னும் கிடைக்காதவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். 2018 டிசம்பர் 18 முதல், குடித்துவிட்டு வாகனம் ஓடுவதற்கான உச்சத் தண்டனை 5 வருடத்திலிருந்து 10 வருடமாகியது. குடிவரவுச் சட்டம் 10 வருடம் வரை தண்டிக்கக்கூடிய குற்றத்தைப் பாரதூரமான குற்றமாகக் கொள்கிறது. உங்களுக்குக் கிடைத்தது 30 நாள்தான், அதுவும் வார இறுதியில்தான் என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. நிரந்தர வதிவிடம் உள்ளவர்கூட நாட்டைவிட்டு அனுப்பப்படும் நடவடிக்கைக்கு ஆளாகலாம். அப்படி ஒரு கோப்புத் திறக்கப்பட்டால், தண்டனைக் காலத்தில் நீங்கள் எப்படி நடந்தீர்கள் என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் சாட்சியம். தண்டனை ஆறு மாதத்துக்குக் குறைவு என்பதால் நிரந்தர வதிவாளருக்கு மேன்முறையீட்டு உரிமை தப்பியிருக்கிறது. அங்கே போய் நிற்கும்போது, ஒரு வெள்ளியும் தவறவில்லை, ஒரு நிபந்தனையும் மீறவில்லை என்று காட்ட முடிவது எவ்வளவு பெரிய பலம் என்று நினைத்துப் பாருங்கள்.

பிரஜாவுரிமைச் சட்டத்திலும் ஒன்று இருக்கிறது. விண்ணப்பத்துக்கு ஐந்து வருடத்தில் 1,095 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நன்னடத்தைக் கட்டளையின் கீழ் கழித்த நாட்கள் அந்தக் கணக்கில் சேரா. கட்டளை நடைமுறையில் இருக்கும்வரை பிரஜாவுரிமை தரவும் மாட்டார்கள். வார இறுதிகள் மாத்திரம்தான் கழியும் என்று கணக்குப் போட்டு விண்ணப்பித்துக் காசையும் காலத்தையும் இழக்காதீர்கள். குடிவரவு தெரிந்த சட்டத்தரணியிடம் ஒருமுறை தாளைக் காட்டுங்கள். சந்தேகமிருந்தால் யாரோ ஒரு முகவர் சொன்னதை நம்ப வேண்டாம்.

உங்களில் சிலர் இந்தத் தண்டனையே அர்த்தமில்லாதது, சும்மா அலைக்கழிப்பு என்று கோபப்படுகிறீர்கள். கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் இந்தச் சலுகை வேறு பல இடங்களில் நிலைக்கவில்லை. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் ஏறத்தாழ நாற்பது வருடம் இதை வைத்திருந்து 2010இல் நிறுத்தியது. கன்பரா பிரதேசம் 2016இல் கைவிட்டது. நியூசிலாந்து 2002ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தோடு நிறுத்தியது. இங்கிலாந்து 2004இல் கேர்க்கம், மோர்ட்டன் ஹோல் என்ற இரண்டு சிறைகளில் பரீட்சித்துப் பார்த்துவிட்டு 2006இல் மூடிவிட்டது. கனடாவில் இன்னும் இருக்கிறது. நாளைக்கு உங்கள் மருமகனோ பக்கத்து வீட்டுப் பெடியனோ ஒரு பிழை செய்து கூண்டில் நிற்கும்போது, அவனுக்கும் வார இறுதி கொடுங்கள் என்று கேட்பதற்கு ஒரு சட்டத்தரணி எழும்புவார். இதை ஒழுங்காக முடித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் அவர் கையில் இருக்கும் வாதம். அதை நீங்கள்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும்.

ஏன் தவறுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் சோம்பலாலோ திமிராலோ இல்லை, ஒளிப்பதால். எங்கள் சமூகத்தின் முழு வாழ்க்கையும் வார இறுதியில்தான் இருக்கிறது. பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, சாமத்தியவீடு, அரங்கேற்றம், ஊர்ச் சங்கத்து ஒன்றுகூடல் எல்லாமே அந்த இரண்டு நாளுக்குள். ‘எங்கே உங்கட அவர்?’ என்ற கேள்விக்கு மனைவி ‘இரவு வேலை’ என்கிறாள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் வேறொரு கதை சொல்கிறது. ஒரு பொய்யைக் காப்பாற்ற மாமன் மகளின் கலியாணத்தில் தலைகாட்ட வேண்டிவருகிறது, அந்தச் சனிக்கிழமை சிறையில் உங்கள் இடம் வெறுமையாகிறது. வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாததால், நேரமாகிறது என்று உங்களுக்கு நினைவூட்டவும் அங்கே ஒருவரும் இல்லை.

இதில் எங்கள் சனத்தின் பிழையும் பெரிது. மறியலுக்குப் போனவனின் வீட்டில் பெண் கொடுக்கலாமா எடுக்கலாமா என்று கதைக்கிறோமே தவிர, வெள்ளிக்கிழமை அவனை எற்றோபிக்கோவில் இறக்கிவிட ஒரு கார் கொடுப்பதில்லை. அவனுடைய பிள்ளையைச் சனிக்கிழமை வகுப்புக்கு ஏற்றிப் போவதில்லை. ‘தாளைப் பார்க்கத் தேவையில்லை, சும்மா கையெழுத்து வையும், ஒன்றும் நடக்காது’ என்று கோட்டு வாசலில் தைரியம் சொல்கிறவர்கள்மேல் எனக்கு ஆற்றாத கோபம் உண்டு. அவர்கள் எவரும் அடுத்த வழக்குக்கு வந்து நிற்பதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த வெள்ளிக்கு முன், மடித்து வைத்த அந்தத் தாளை எடுங்கள். ஆங்கிலம் தெரிந்த மகளையோ நண்பரையோ இருத்தி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மகளிடம் வெட்கம் என்றால் நன்னடத்தை அலுவலரிடம் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். எந்த நிபந்தனையாவது உங்கள் வேலைக்கோ வீட்டுக்கோ பொருந்தாவிட்டால், மீறுவதற்கு முன் மாற்றம் கேளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் ஒன்ராறியோ சட்ட உதவிக்குப் போன் எடுங்கள். நீதிமன்றத்தில் இருக்கும் கடமைச் சட்டத்தரணியிடம் கதைக்கக் காசு தேவையில்லை.

பிறகு, நம்பக்கூடிய ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் வெள்ளிக்கிழமைகளையும் நிபந்தனைகளையும் அறிந்த ஒருவர் வீட்டுக்கு வெளியேயும் இருக்கட்டும். அப்படி ஒருவர் உங்களிடம் வந்து சொன்னால், வீட்டாரே, நண்பர்களே, அதை ஊருக்குப் பரப்பாதீர்கள். காரை எடுத்துக்கொண்டு அவரை நேரத்தோடு கொண்டுபோய் விடுங்கள்.

உங்களில் ஒருவரையும் இன்னொரு முறை நீதிமன்றத்தில் காண எனக்கு விருப்பமில்லை. இந்த வெள்ளியும் நேரத்தோடு போங்கள். திங்கள் வெளியே வந்தபின்னும் அந்தத் தாள் சொல்கிறபடி நடவுங்கள். தண்டனை முடியும் நாள் தாளிலேயே எழுதியிருக்கிறது. அதுவரை பொறுத்திருங்கள்.

அன்போடும் அக்கறையோடும்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு நீதிமன்றத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்